பின் டயரின் உள்பக்கம்

ஜூலை 22, திங்கள்

திருப்பூர் போய் ஒரு சிவப்புக் காரைப் பார்த்து வந்தேன். பல் டாக்டர் ஒருவர் வாங்கப் போகிறார். ஆடி முடிந்து ஆவணியில்தான் எடுப்பாராம், பார்ப்பது மட்டும் இப்போதே. இரண்டு கதவு, இரண்டு சீட்டு, நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட நாலே நொடி. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் எல்லாரும் என்னிடம் ஒன்றையேதான் சொல்கிறார்கள்: "வண்டி சூப்பருங்க, சும்மா ஒருக்கா பாத்துச் சொல்லிருங்க." மனசுக்குள் தாலியைக் கட்டிவிட்டு அப்புறம் ஜாதகம் பார்க்க வருகிற கூட்டம்.

நான் சும்மா பார்ப்பதில்லை. என் அறிக்கைத் தாளில் நூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள் இருக்கின்றன. போனதும் பானட்டைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் நான் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறிய இன்ஜினை எழுப்பும்போதுதான் அதன் நோய் வெளியே வரும். பிறகு ஒவ்வொரு தகடாக மீட்டர் வைத்து பெயின்ட்டின் கனத்தை அளப்பேன். ஸ்கேனரை மாட்டி, இன்ஜினை எத்தனை தடவை ஆர்பிஎம் மீட்டரின் சிவப்புக் கோட்டைத் தாண்டி முறுக்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன்.

சிவப்புக் காருக்குப் பின்பக்க வலது தகட்டில் பெயின்ட் மூன்று மடங்கு கனம். "ரிவர்ஸ் எடுக்கறப்ப லேசா உரசினதுங்க" என்றார் விற்பவர். லேசாக உரசிய வண்டிக்கு டிக்கியின் உள்ளே எதற்குப் புது வெல்டிங்? டாக்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது பல்லடம் பக்கம் போகாமல் அவிநாசி வழியாகவே வந்தேன். தங்கை மாப்பிள்ளை அந்தப் பல்லடம் ரோட்டில் இறந்து இன்றோடு முப்பது நாள்.

ஜூலை 23, செவ்வாய்

வேலை இல்லை. சட்டைகளை இஸ்திரிக்குப் போட்டேன். மீட்டருக்கு பேட்டரி வாங்கினேன்.

ஜூலை 28, ஞாயிறு

தங்கை வீட்டுக்குப் போனேன். எனக்கு யமுனாவை விட்டால் யாரும் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பதினைந்து வயசு. படிக்க வைத்து, பார்த்துப் பார்த்து நந்தகோபாலுக்குக் கட்டிக் கொடுத்தேன். பிறகு நான் கல்யாணம் செய்துகொள்ள மறந்துபோனேன் என்று மாப்பிள்ளை கேலி செய்வார்.

கேஸ் ஸ்டவ்வில் ஒரு பர்னர் எரியவில்லை, சரி செய்தேன். அவளுடைய மாமியார் ராஜாமணி அத்தை யாரோ உறவுக்காரியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "வேகமுங்க, வேகந்தான். என்ற பையனை வேகந்தான் கொண்டுட்டுப் போச்சு. காரை வாங்காதடான்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்." ஒரு மாசத்துக்கு மேலாக அதே பேச்சு. யார் வந்தாலும் அத்தை அதையேதான் சொல்கிறார். போலீசும் அப்படித்தான் எழுதியிருக்கிறது, அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிப் புளியமரத்தில் மோதி என்று. விபத்து என்றாலே அந்த இரண்டு வார்த்தைகளும் பேனாவிலிருந்து தானாக வந்துவிடும்.

யமுனா அழவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"வண்டி எடுத்த அன்னிக்கு என்ற தலைமேல கைய வெச்சு சத்தியம் பண்ணினாருங்ணா. எண்பதைத் தாண்ட மாட்டேன்னாரு. தலைமேல கை வெச்சாரு."

"சரி யமுனா, விடு."

"எப்படி விடறது? என்னையும் நெனைக்கலை, புள்ளையையும் நெனைக்கலை. அந்த நிமிஷத்துல ஒரு புளியமரமும் ஒரு ஆக்சிலேட்டருந்தான் இருந்திருக்குது."

நான் பர்னரைத் துடைத்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. மழை இல்லை. இந்த நோட்டைத் தொடங்கிய பிறகும் அந்தக் காரைப் பற்றி இதுவரை எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

மஞ்சள் கார். பத்து வருஷப் பழசு. ஒரு மில் முதலாளி ஆசைக்கு வாங்கி ஷெட்டிலேயே நிறுத்தி வைத்திருந்தது. பத்து வருஷத்தில் பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. மாப்பிள்ளை பதினெட்டு வயசிலிருந்து பம்புக்கு வார்ப்படம் போடும் ஃபவுண்டரியில் அடுப்புச் சூட்டில் நின்றவர். நாற்பத்தொரு வயசில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்றைக் கேட்டார். "மச்சான், நீங்க சரின்னா எடுக்கறேன். நீங்க வேண்டாம்னா அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்" என்றார்.

மே 10, வெள்ளிக்கிழமை. அட்சய திருதியை. நான்தான் பார்த்தேன். பெயின்ட் ஒரே கனம். இன்ஜினை ஒரு தடவைகூடச் சிவப்புக் கோட்டுக்குக் கொண்டுபோகவில்லை. சர்வீஸ் சீட்டுகள் வருஷ வரிசையில் இருந்தன. இரண்டு சாவியும் இருந்தன. எல்லாக் கட்டங்களையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஈரோட்டில் ஒரு சாம்பல் நிறக் கார். நாலு மணி நேரம் பார்த்தேன். பிரேக் டிஸ்க் தேய்மானம் அளவுக்குள் இருந்தது. கிளட்ச் நன்றாக இருந்தது. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து முகர்ந்து பார்த்தேன். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் பெல்ட்டின் அடியில் சேற்று வாடை காட்டிக்கொடுத்துவிடும். வாடை இல்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொன்னேன். காரணம் கேட்டார்கள். கண்ணாடி வைப்பர் மாற்றியிருக்கிறார்கள் என்றேன்.

புரோக்கர் ஜாபர் பாய் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "சம்பத் சார், கோவிச்சுக்காதீங்க. ஒன்றரை மாசத்துல ஏழு வண்டி. ஏழையும் வேண்டாம்னுட்டீங்க. மாப்பிள்ளை போன துக்கம் புரியுது. ஆனா வைப்பர் மாத்தினதுக்கெல்லாம் கல்யாணத்தை நிறுத்துனா என் பொழப்பு என்னாகும்?"

நல்ல மனுஷர். டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வழக்கை முடித்துவிட்டார்கள். காருக்குள் இருக்கும் பொருட்களை எடுத்துக்கொள்ளலாம் என்று தகவல் வந்தது. யமுனா போகமாட்டேன் என்றாள். அவளிடம் கடிதம் வாங்கிக்கொண்டு நான் போனேன்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் வேலிக்கருவை முளைத்த காலி இடம். பழைய மினி பஸ்ஸுக்கும் தீப்பிடித்த வேனுக்கும் நடுவில் கிடந்தது. மஞ்சள் வெளுத்துவிட்டது. ஓட்டுநர் பக்கம் நசுங்கி இல்லாமலே போயிருந்தது. மாப்பிள்ளை அன்று காங்கயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தனியாகத் திரும்பி வந்தவர். கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பை பக்கத்துச் சீட்டின் அடியில் அப்படியே இருந்தது. கூலிங் கிளாஸ், ஒரு துண்டு, அவர் மகள் நிரஞ்சனாவின் ஹேர் பேண்ட். எடுத்துக்கொண்டேன்.

டயர்களைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

நேற்று எழுதியது பொய். பார்த்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

எழுதினால்தான் தூங்க முடியும் போலிருக்கிறது.

ஒவ்வொரு டயரிலும் அது தயாரான தேதி இருக்கும். ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு எண்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஆனால் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போகிற மாதிரி மாட்டியிருந்தால், வண்டியை லிஃப்டில் தூக்கி அடியில் நின்று டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரணக் காருக்கு டயர் தேய்ந்து சாகும். ஓடாமல் ஷெட்டில் நின்ற காருக்கு டயர் தேயாமலேயே சாகும். ரோட்டைத் தொடும் பட்டை அழுத்தமாக, கறுப்பாக, புதுசு மாதிரியே இருக்கும். உள்ளே ரப்பர் செத்திருக்கும். ஓடாத வண்டி நல்ல வண்டி என்று நம்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்வதே இதைத்தான். நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன்.

மஞ்சள் காரின் முன் டயர் இரண்டிலும் தேதி வெளிப்பக்கம் இருந்தது. 2022. எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். பின் டயர்களின் வெளிப்பக்கத்தில் தேதி இல்லை. பட்டை நன்றாக இருந்தது. எழுபத்தோராவது கட்டத்தில் "நான்கு டயர்களும் 2022" என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை நான் பார்த்த பின் டயர் கிழிந்து துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. உள்பக்கத்தில் எண் தெளிவாக இருந்தது. 3114. 2014ஆம் வருஷம், முப்பத்தோராவது வாரம். காரோடு பிறந்த டயர். வெடித்திருக்கிறது. அவர் வேகமாகப் போய் மரத்தில் மோதவில்லை. டயர் வெடித்துக் கார் அவரைக் கொண்டுபோய் மோதியிருக்கிறது.

அட்சய திருதியை அன்று கார் லிஃப்டில்தான் இருந்தது. லிஃப்டின் நாலு கையையும் அடியில் பொருத்தி, ஒரு அடி உயரம் தூக்கிவிட்டேன். அப்போது ஒரு போன் வந்தது. பத்தரைக்கு ராகு காலம் தொடங்குகிறது, அதற்குள் வண்டி வாசலுக்கு வந்துவிட வேண்டும், எலுமிச்சம்பழம் வைத்துத் தயாராக இருக்கிறது என்று. மணி பத்தேகால். மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். "விடுங்க மச்சான், அடியில அப்பறம் பாத்துக்கலாம்." இறக்கிவிட்டேன்.

அப்பறம் என்று ஆறு வாரம் இருந்தது. ஆறு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் சாப்பிட்டேன். கார் வாசலில்தான் நின்றது.

செப்டம்பர் 4, புதன்

காப்பீட்டு சர்வேயர் எனக்குப் பழக்கம். அனுமதி வாங்கி, ஏர்பேக்கை இயக்கும் சின்னப் பெட்டியைக் கழற்றி பீளமேட்டு ஒர்க்‌ஷாப் ஒன்றில் கொடுத்திருந்தேன். மோதுவதற்கு முன் ஐந்து நொடியின் வேகம் அதில் பதிந்திருக்கும். இன்று படித்துச் சொன்னார்கள்.

எழுபத்தெட்டு.

சத்தியத்துக்கு இரண்டு கிலோமீட்டர் உள்ளேயே இருந்திருக்கிறார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

யமுனா வீட்டுக்குப் போனேன். சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்த பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை மிச்சம் இருந்தது, சாப்பிட்டேன். சொன்னால் அவள் இன்னும் உடைந்துபோவாள் என்று தோன்றியது. பொய். சொன்னால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று பயந்தேன். ஒருத்தியைத்தான் கடவுள் எனக்கு மிச்சம் வைத்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்த போன் செய்தது யமுனா.

செப்டம்பர் 14, சனி

நிரஞ்சனாவுக்குப் பதினோரு வயசு. சைக்கிளை மிதித்துக்கொண்டு அவளே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் இரண்டு பக்கம் எழுதிய தாள். பள்ளிக்கூடத்தில் சாலைப் பாதுகாப்புப் பேச்சுப் போட்டி, வரும் வெள்ளிக்கிழமை. டீச்சர் இவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இவள் பேசினால் மனசில் பதியுமாம். எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

"மாமா, கார் பத்தி உங்களுக்குத்தான தெரியும். தப்பா எழுதியிருந்தா திருத்திக் குடுங்க."

படித்தேன். "எனது தந்தை மிகவும் அன்பானவர். ஆனால் அவர் வேகமாகச் சென்றார். அவர் ஒரு நிமிடம் எங்களை நினைத்திருந்தால் இன்று எங்களுடன் இருந்திருப்பார்." யமுனா துணி மடித்தபடி சொன்னது அப்படியே இருந்தது. பிள்ளை எங்கேயோ நின்று கேட்டிருக்கிறது.

"இதை அம்மா படிச்சாளா கண்ணு?"

"படிச்சாங்க. சரியா இருக்குன்னாங்க."

ஒரு வரியைக் காட்டி, இதை எடுத்துவிடலாமே என்றேன். "ஏன் மாமா, தப்பா?" என்று கேட்டாள். இல்லை, நீளமாக இருக்கிறது என்றேன். "டீச்சர் அந்த வரிதான் நல்லா இருக்குன்னாங்க" என்றாள். இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தேன். பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 16, திங்கள்

சொல்லவில்லை.

செப்டம்பர் 18, புதன்

சேலத்தில் ஒரு கார் பார்க்க வரச் சொன்னார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் யமுனா வீட்டுத் தெருமுனை வரை பைக்கில் போய், மளிகைக் கடையில் தேவையில்லாமல் அரை கிலோ ரவை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

நிரஞ்சனாவுக்கு முதல் பரிசு. சாயங்காலம் அத்தையே போன் செய்து கூப்பிட்டார். போனேன். ஒரு சாண் உயரக் கப். மாப்பிள்ளையின் படத்துக்கு முன்னால், விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

"மைக்குல பேசறப்ப டீச்சருங்கல்லாம் கண்ணைத் துடைச்சாங்க மாமா" என்று நிரஞ்சனா சொன்னாள். அத்தை கேசரி கொடுத்தார். "அப்பன் செஞ்ச தப்பைப் புள்ளை நாலு பேருக்குச் சொல்லித் திருத்துது, பாத்துக்க சம்பத்து" என்றார்.

படத்தில் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பெற்ற பிள்ளையே அவர் மேல் குற்றம் சொல்லி, அதற்குக் கிடைத்த கப் அவர் எதிரிலேயே நின்றது. நான் கேசரி சாப்பிட்டேன். என்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பத்து மணிக்குப் போனேன். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். நிரஞ்சனா பாட்டு வகுப்பில் இருந்தாள். யமுனா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் தரையில் உட்கார்ந்து அறிக்கைத் தாளை விரித்து எழுபத்தோராவது கட்டத்தைக் காட்டினேன். முன் டயர், பின் டயர், லிஃப்டில் ஏற்றியது, அடியில் பார்க்காமல் இறக்கியது, ஸ்டேஷனில் கண்ட எண், எல்லாவற்றையும் சொன்னேன். போனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. எனக்கு அவசரம் என்றேன்.

அவள் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப அவரு எவ்வளவு வேகத்துல போனாருங்ணா?"

"எழுபத்தெட்டு."

"எண்பதைத் தாண்டலையா?"

"தாண்டலை."

கத்தியைக் கீழே வைத்தாள். "மூணு மாசமா அவரைத் திட்டிக்கிட்டே கெடந்தேன். படத்துக்கு நான் ஒரு நாளும் பூ வெக்கலை. அத்தைதான் வெப்பாங்க. நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்." அப்புறம் அழுதாள். அவள் அழுது முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். அப்பா இறந்தபோது அழுத அதே அழுகை. அன்று தலையைத் தடவிக் கொடுத்தேன். இன்று கை நீட்டத் தைரியம் வரவில்லை.

முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஈர முகத்தோடு என் எதிரில் நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்ணா. அன்னிக்குப் பத்தேகாலுக்கு நான் போன் பண்ணினேன். அப்ப வண்டி லிஃப்டுலயா இருந்துச்சு?"

"ஆமா."

"நான் பண்ணாம இருந்திருந்தா அந்தப் பின் டயரைப் பாத்திருப்பீங்ளா?"

யோசிக்க நேரமே இல்லை. "இல்லை யமுனா. பாத்திருக்க மாட்டேன். நம்ம வண்டிதானேன்னு அலட்சியம். லிஃப்டுல ஏத்தினதே ஒப்புக்குத்தான். நீ கூப்பிட்டாலும் கூப்பிடாட்டியும் இறக்கித்தான் இருப்பேன்."

என் முகத்தையே பார்த்தாள். அவள் கண்ணில் இருந்த பயம் மெதுவாகப் போயிற்று. அது போன இடத்தில் வந்ததையும் பார்த்தேன். நாற்பத்தாறு வருஷத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"புள்ளைகிட்டயும் அத்தைகிட்டயும் நான் சொல்லிக்கறேன்" என்றாள். "நீங்க இனி இங்க வராதீங்ணா."

சரி என்று எழுந்து வந்துவிட்டேன்.

பார்த்திருப்பேன். இருபத்திரண்டு வருஷத்தில் லிஃப்டில் ஏற்றிய எந்த வண்டியையும் அடியில் நின்று பார்க்காமல் நான் இறக்கியதில்லை. அந்த ஒரு வண்டியைத் தவிர. இந்த நோட்டை நாளைக் காலையில் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட வேண்டும். யமுனா கையில் இது என்றைக்கும் கிடைக்கக் கூடாது.